கச்சான் சுருளில் வந்த முனியா

என் வயதுக்காரர்களுக்குக் கச்சான் சுருளைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. இப்போது எல்லாம் பொலித்தீன் பைக்குள் வந்துவிட்டது. அப்போது நமக்குப் பழைய பள்ளிக்கூடக் கொப்பித் தாளைக் கூம்பாகச் சுருட்டி, சூடு ஆறாத கச்சானை உள்ளே கொட்டி, மேல்நுனியை மடித்துத் தருவார்கள். கடைசிக் கடலைக் கொட்டையையும் தின்ற பிறகு தாளை விரித்து வாசிப்போம். யாரோ ஒரு பிள்ளையின் பெருக்கல் கணக்கு, யாரோ எழுதிய ‘எங்கள் வீட்டுப் பசு’, மூலையில் சிவப்பு மையில் ‘கவனம் போதாது’. ஊரின் பாதி இரகசியம் அப்படித்தான் நமக்குத் தெரிய வந்தது. என்னுடைய மாமாவின் கல்யாணம் நின்றுபோகப் பார்த்ததும் அப்படிச் சில சுருள்களால்தான். அந்தச் சுருள்களுக்குத் தாள் கொடுத்தவள் நான்.

எழுபத்தெட்டில் சூறாவளி அடித்ததற்கு முந்திய வருடம் அது. எனக்குப் பத்து வயது. மாமா, அதாவது உம்மாவின் கடைசித் தம்பி, ஆசிரியர் கலாசாலையை முடித்துக்கொண்டு விஞ்ஞான ஆசிரியராக ஊருக்கு வந்து எங்கள் வீட்டில் இருந்தார். ஒல்லியான மனிதர். பேசும்போது கண்ணை எதிரில் இருப்பவரின் தோளுக்கு மேலே எங்கேயோ வைத்துக்கொள்வார். அவருக்கு ஊர் நொத்தாரிசின் மூத்த மகளைப் பேசி முடித்திருந்தார்கள். பேசி முடித்தபின் மாப்பிள்ளையும் பெண்ணும் பார்த்துக்கொள்வது அப்போது நம் பக்கத்தில் வழக்கமில்லை, உங்களுக்கும் தெரியும்.

நொத்தாரிசு, பள்ளிவாசலை நிருவகிக்கும் மரைக்கார்மாரில் ஒருவர். காணி உறுதிப் பத்திரம் எழுதி எழுதியே வாழ்ந்தவர் என்பதால் தேத்தண்ணி கேட்டால்கூட எல்லை போட்டுத்தான் கேட்பார் என்று உம்மா சொல்வா: “சீனி ஒரு கரண்டி, அதற்கு மேற்படாமல்.”

மாமாவிடம் ஒரு தூரக்கண்ணாடி இருந்தது. நில அளவையாளர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. அதன் இடப்பக்கக் குழாய்க்குள் பூஞ்சணம் பிடித்திருந்ததால் மாமா வலக்கண்ணால் மட்டுமே பார்ப்பார். கூடவே பறவைகளைப் பற்றிய இங்கிலீஷ் புத்தகம் ஒன்றும் கிடைத்தது. அதில் படமிருந்த தாள்களையெல்லாம் கரையான் தின்றுவிட்டிருந்தது. எழுத்து மட்டும்தான் மிச்சம். எழுத்தில் இருப்பதைக் கண்ணால் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று மாமாவுக்கு ஒரு பிடிவாதம். கதிர் பால் பிடிக்கும் காலம். அதிகாலையில் சுபஹ் தொழுத கையோடு சைக்கிளில் வட்டைக்குப் போய்விடுவார். ஊருக்கு மேற்கே நற்பிட்டிமுனைப் பக்கமாகப் பரந்து கிடந்த வயல்வெளியைத்தான் நாம் வட்டை என்போம்.

எங்கள் வயலும் அங்கேதான். வாப்பாவுக்கு இந்த ஆராய்ச்சி பிடிக்கவில்லை.

“நெல்லத் திண்டா அது நெல்லுக்குருவி. அதுக்கு மேல என்ன ஆராய்ச்சி?”

“அப்படி இல்ல மச்சான். நாம எல்லாத்தையும் நெல்லுக்குருவி எண்டுறம். அதுக்குள்ள நாலஞ்சு சாதி இரிக்கு. இது முனியா.”

“என்னது?”

“முனியா. கறுத்தத் தல முனியா.”

வாப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்: “முனி கினி எண்டு வட்டைக்குள்ள நிண்டு கதைக்காத. மறுகா நெல்லு வெட்டுக்கு ஒருத்தனும் வரமாட்டான்.”

ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூட விடுமுறையில், நான் அழுது பிடித்து மாமாவுடன் போனேன். வாய்க்கால் முடிகிற இடத்தில் சதுப்பு. ஆள் உயரத்துக்குப் பன் வளர்ந்து கிடக்கும். பாய் பின்னுகிற பன்தான். அதற்குள் நின்றால் சேறும் பச்சைத் தண்டும் கலந்த ஒரு வாசனை. கால்விரலிடுக்கில் குளிர்ந்த சேறு பிதுங்கும். பேசக்கூடாது, தும்மக்கூடாது, நுளம்பு கடித்தால் அடிக்கக்கூடாது. நான் மூன்றையும் செய்தேன். ஆனாலும் குருவி வந்தது.

என் பெருவிரலைவிடக் கொஞ்சம் பெரிது. தலையை மைப்போத்தலுக்குள் முக்கி எடுத்ததுபோல் கறுப்பு. முதுகும் சிறகும் சுட்ட செங்கல் நிறம். நெஞ்சுக்குக் கீழே பால்வெள்ளை, அந்த வெள்ளையின் நடுவில் யாரோ மை சிந்தியதுபோல் ஒரு கறுப்பு. சொண்டு மட்டும் மழைமேக நிறம்; குருவியின் அலகும் மனிதரின் உதடும் நமக்குச் சொண்டுதான். ஒரு புல்லின் நுனியில் வந்து உட்கார்ந்தது. புல் வளைய வளையக் குருவியும் கீழே இறங்கிக்கொண்டே போய், தண்ணீரைத் தொடப் போகிற நேரத்தில் விதையை உருவிக்கொண்டு பறந்தது. மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு கொப்பியில் எழுதினார். அவருக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவேயில்லை. அந்தக் கூட்டத்தில் எப்போதும் இரண்டு குருவிகள் வெறும் மண்ணிறமாக இருந்தன. கறுப்புத் தலையும் இல்லை, வெள்ளையும் இல்லை. அவை வேறு சாதியா, இதே சாதியா? புத்தகத்தில் அந்த இடத்தில் கரையான் புற்று.

இனிக் கொப்பியின் கதை. பள்ளிக்கூட வாசலில் கச்சான் விற்ற காக்காவிடம், அதாவது ஒரு அண்ணனிடம், பழைய கொப்பி கொடுத்தால் இரண்டு கை நிறையக் கச்சான் தருவார். என் கொப்பிகளை ஏற்கெனவே தின்று முடித்திருந்தேன். மாமாவின் மேசையில் அட்டை கிழிந்த தடித்த கொப்பி ஒன்று கிடந்தது. கடைசிப் பக்கம்வரை எழுதியிருந்தது. எழுதி முடிந்தால் பழசுதானே என்று நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்றுதான் நாற்பது வருடத்துக்கு மேலாக எனக்கு நானே சொல்லிவருகிறேன். கச்சான் சூடாக இருந்தது; நன்றாகவும் இருந்தது.

மாமா இரண்டு நாள் வீட்டைத் தலைகீழாக்கித் தேடினார். நானும் கூடச் சேர்ந்து தேடினேன்.

அதற்குப் பிறகு ஊரில் ஒரு முணுமுணுப்பு. மாமா எழுதுகிற விதம் தந்திச் செய்திபோல் இருக்கும், வினைச்சொல்லை வீணாக்கமாட்டார். பின்னேரம் காக்கா விற்கப் போகும் ஆசுபத்திரி வாசலில் கச்சான் வாங்கிய ஒருவரின் சுருளில் இப்படி இருந்தது: ‘முனியா. காலை 6.50. பன்னங்கரை. கறுத்தத் தலை. வெள்ளை இடை. சோடியும் கூட. சிறுசு இரண்டு. கிட்டப் போக விடவில்லை. நாளையும் வருவேன்.’ கையெழுத்து மாமாவுடையது என்று அவரிடம் படித்த பிள்ளைகளே சாட்சி சொல்லிவிட்டார்கள். முனியா என்று ஊரில் எவளும் இல்லை. ஆனால் முனீறா என்று ஏழு பேர் இருந்தார்கள். விஞ்ஞான ஆசிரியருக்குத் தமிழ் எழுத்துப் பிழை வரும் என்று ஊர் முடிவு கட்டியது. அந்த ஏழு பேரில் எவள் காலையில் பன் வெட்டப் போகிறாள், எவளுக்குப் பிள்ளை இரண்டு என்று ஒரு பக்கம் விசாரணை. இன்னொரு பக்கம், எட்டு மாதக் கர்ப்பிணியான ஒரு முனீறாவின் புருஷன், ‘வெள்ளை இடை’ என்றால் அது தன் மனைவியாக இருக்க முடியாது என்று சந்தியில் நின்று அல்லாஹ் மேல் ஆணையிட்டுக்கொண்டிருந்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அசர் தொழுகைக்குப் பின், நொத்தாரிசு எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடவே இன்னொரு வயதான மரைக்காரும் மோதினாரும். உம்மாவும் நானும் அறைத் திரைக்குப் பின்னால் நின்றோம். உம்மாவின் கை என் தோளில் இருந்தது.

நொத்தாரிசு கச்சான் எண்ணெய் படிந்த தாள்களை ஒரு கோவைக்குள் ஒழுங்காகத் தைத்து வைத்திருந்தார்.

“மகன், இது ஒங்கட கையெழுத்தா?”

“ஓம்.” மாமாவின் முகம் விடிந்தது. “கிடைச்சிட்டா! எங்க கிடந்த?”

“நான் கேக்கிறத்துக்கு மட்டும் மறுமொழி செல்லுங்க. சுயபுத்தியோட எழுதினதா?”

“ஓம்.”

“ஆருட வற்புறுத்தலும் இல்லாம?”

“இல்ல.”

நொத்தாரிசு கண்ணைக் காட்ட, மோதினார் வாசிக்கத் தொடங்கினார். பாங்கு சொல்கிற கம்பீரமான குரல். மெதுவாக வாசிக்க அவருக்குத் தெரியாது. ‘இன்று மிகக் கிட்ட. சொண்டு சாம்பல் நீலம்.’

“சொண்டு வரைக்கும் பாத்திரிக்கான்,” என்றார் கிழ மரைக்கார்.

“நீலமாம்,” என்றார் மோதினார். “குளிருக்குள்ள நிண்டிரிக்கு, பாவம்.”

அடுத்த வரியை அவர் மனதுக்குள் வாசித்தார். பிறகு தாளைக் கவிழ்த்து மடியில் வைத்துவிட்டு, “இத நான் வாசிக்கமாட்டன். நான் பாங்கு செல்ற வாய்,” என்றார். அது ‘அடிவயிற்றில் கறுப்பு’ என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

அப்போதுதான் மாமாவுக்கு விஷயம் விளங்கியது. எழுந்து நின்றுவிட்டார்.

“அது குருவி!”

மோதினார் மடியிலிருந்த தாளை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

“முனியா எண்டுறது ஒரு குருவிட பேர்!”

கிழ மரைக்கார் தாடியைத் தடவினார். “பொம்புளப் புள்ளைகளக் குருவி எண்டு எங்கட காலத்திலயும் சென்னானுகள், மகன். கிளி எண்டும் சென்னானுகள்.”

மாமா புத்தகத்தைக் கொண்டு வந்து கொடுத்தார். இங்கிலீஷ் தெரிந்த நொத்தாரிசு கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு பக்கம் முழுக்க வாசித்தார். “பேர் இரிக்கு. படம் எங்க?”

“கரையான் திண்டிட்டு.”

“படமும் இல்ல, ஆளும் இல்ல. சாட்சி இல்லாத உறுதி செல்லாது, மகன். நாளைக்குக் காலையில குருவியக் காட்டுங்க. காட்டினா கல்யாணம் இரிக்கு. காட்டாட்டி…” என்று நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். அவரும் ஒரு பெண் பிள்ளையின் வாப்பாதானே. கதவுப்பக்கம் போனவர் திரும்பினார். “ஒண்டு கேக்கணும். இந்தக் கொப்பி எப்படிக் கச்சான்காரன்ட கைக்குப் போன?”

மாமா திரைப்பக்கம் பார்த்தார். திரைக்குக் கீழே என் கால் தெரிந்திருக்க வேண்டும். நான் தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

“நான்தான் பழசு எண்டு போட்டன்,” என்றார் மாமா.

சனிக்கிழமை காலை வட்டைக்கு ஒரு ஊர்வலமே போனது. நொத்தாரிசு, கிழ மரைக்கார், மோதினார், வாப்பா, முனீறாக்களின் புருஷன்மாரில் மூன்று பேர். தேத்தண்ணி ஊற்றிய சுடுதண்ணிப் போத்தலைத் தூக்கிக்கொண்டு நான். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. நொத்தாரிசு வெள்ளைச் சாரனை முழங்கால்வரை உயர்த்திப் பிடித்து, கோவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வரம்பில் கொக்குப்போல் அடியெடுத்து வைத்தார்.

முதல் ஒரு மணித்தியாலம் குருவி வரவில்லை.

“அதுவா?” என்றார் மோதினார்.

“அது மைனா.”

“அப்ப அது?”

“அது தூக்கணாங்குருவி.”

“மஞ்சளா ஒண்டு கிடக்கே, அத முனியா எண்டு வெச்சா என்ன?” என்றார் வாப்பா. அவருக்கு எப்படியாவது வீட்டுக்குப் போனால் போதும்.

“வெக்க ஏலா மச்சான். கறுத்தத் தல வேணும்.”

கிழ மரைக்கார் தூரக்கண்ணாடியைக் கேட்டு வாங்கித் தலைகீழாகப் பிடித்தார். “யா அல்லாஹ், இது இரிக்கிற வயலையும் எங்கயோ கிடக்கிற ஒலுவிலுக்குக் கொண்டுபோய் வெக்குதே,” என்று திருப்பிக் கொடுத்தார். முனீறாக்களின் புருஷன்மார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமாவின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. என் வாய்க்குள் கச்சான் கசந்ததுபோல் இருந்தது. குருவி வராவிட்டால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் என்ன உண்மை? கொப்பியை நான் கொடுத்தேன் என்பதால் முனியா குருவியாகிவிடுமா?

அப்போது ‘சீப், சீப்’ என்று மெல்லிய ஒலி. பன்னுக்கு மேலால் ஆறேழு உருவங்கள் அலைபோல் எழுந்து தாழ்ந்து வந்தன. ஒன்று எங்களுக்கு இருபது முழத்தில் புல்நுனியைப் பிடித்தது.

மாமா பேசாமல் தூரக்கண்ணாடியை நொத்தாரிசிடம் நீட்டினார். நொத்தாரிசு வலக்கண்ணில் வைத்துக்கொண்டு, இடக்கையால் கோவையை மோதினாரிடம் கொடுத்தார். “வாசி.”

“கறுத்தத் தலை.”

“இரிக்கு.”

“வெள்ளை இடை.”

“இரிக்கு. ரெண்டு பக்கமும் இரிக்கு.”

“சொண்டு சாம்பல் நீலம்.”

“சரி. மற்றது?”

மோதினார் தயங்கினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார்: “அடிவயிற்றில் கறுப்பு.”

நொத்தாரிசு நெடுநேரம் பார்த்தார். குருவி ஒரு தண்டிலிருந்து இன்னொரு தண்டுக்குத் தாவி வயிற்றைக் காட்டியது. “மெய்தான்,” என்றார். “அச்சொட்டா இரிக்கு.”

முனீறாக்களின் புருஷன்மார் மூன்று பேரும் ஒன்றாக மூச்சுவிட்டார்கள். கர்ப்பிணியின் புருஷன் மாமாவைக் கட்டிப்பிடித்தான். பிறகு எல்லாருக்கும் தூரக்கண்ணாடி வேண்டும் என்றாகிவிட்டது. கிழ மரைக்கார் மோதினாரின் கையிலிருந்து பிடுங்க, மோதினார் விடாமல் இழுக்க, அதன் வாரில் இரண்டு பேரின் தொப்பியும் மாட்டிக்கொண்டது. நொத்தாரிசு அதைத் திரும்பப் பறித்துக்கொண்டார். அவர் இன்னும் பார்த்து முடிக்கவில்லை.

“மகன், இதில ‘சிறுசு இரண்டு, மண்ணிறம், வேறு சாதியா?’ எண்டு ஒரு கேள்வி போட்டிரிக்கிறீங்க.”

“ஓம். அதுதான் விளங்குதில்ல.”

“அந்த மண்ணிறக்காரன் சிறகை அடிச்சு அடிச்சு வாயத் துறக்கிறான். கறுத்தத் தலக்காரர் தீனி ஊட்டுறார்.” நொத்தாரிசு தூரக்கண்ணாடியைக் கண்ணோடு இன்னும் அழுத்தினார். “ஊட்டுறது உம்மா, இல்லாட்டி வாப்பா. வேறொருத்தர்ட புள்ளைக்கு ஆரும் இப்படி ஊட்டமாட்டாங்க. அப்ப அது வேற சாதி இல்ல. வாரிசு!”

மாமா அவர் கையிலிருந்த கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், வெறுங்கண்ணால் பார்த்தார். “வளந்தாப்பிறகு தல கறுக்கும்,” என்றார் மெதுவாக. வாரக்கணக்கில் அவரை அலைக்கழித்த கேள்வியை ஒரு நொத்தாரிசு வாரிசுரிமை வைத்துத் தீர்த்துவிட்டார். இருவரும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றதைப் பார்க்க எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது.

எல்லாம் முடிந்தது என்று நான் தேத்தண்ணி ஊற்றத் தொடங்கினேன். மோதினார்தான் கோவையின் கடைசியைப் புரட்டினார்.

“இன்னொரு தாள் இரிக்கே.” அவர் கேட்காமலே வாசித்துவிட்டார். “7.15. கிழக்கு அணைக்கட்டு. நீலக் குடை. இன்று நடை மெதுவாக. ஒருமுறை நின்றதுபோல் இருந்தது. நாளை வகுப்பு இல்லை. நாளை வரவேண்டியதில்லை.”

மோதினார் தாளைத் திருப்பி மறுபக்கமும் பார்த்தார்.

“குருவிக்கு ஏது குடை?” என்றார் கிழ மரைக்கார்.

மாமாவின் காது இரண்டும் மிளகாய்ப்பழம்போல் சிவந்துவிட்டது. கிழக்கு அணைக்கட்டு தூரத்தில் தெரிந்தது. அந்த வழியால்தான் ஊர்ப் பெண் பிள்ளைகள் நற்பிட்டிமுனைக்குத் தையல் வகுப்புக்குப் போவார்கள். நொத்தாரிசு தாளை வாங்கினார். ஒருமுறை வாசித்தார். அணைக்கட்டைப் பார்த்தார். மறுபடி வாசித்தார். அவருடைய முகத்தில் என்னவெல்லாமோ வந்து போயின. கையில் தேத்தண்ணி வழிந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. பிறகு தாளை நாலாக மடித்துச் சட்டையின் உள்பைக்குள் வைத்தார்.

“இது இந்தக் காணிக்குச் சேராத தாள்,” என்றார்.

திரும்பி வரும்போது வரம்பு ஒடுக்கம் என்பதால் ஒருவர் பின் ஒருவராக நடந்தோம். எனக்கு முன்னால் நொத்தாரிசு. அவருக்கு முன்னால் மாமா. அதனால்தான் அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

“மகன், கல்யாணத்த வெட்டு முடிஞ்சாப்பிறகு எண்டு பேசினம். அதுக்கு முன்னுக்கே வெச்சிருவம்.”

“ஓம்,” என்றார் மாமா, நேராகப் பார்த்துக்கொண்டு.

வெட்டுக்கு முன்பே கல்யாணம் நடந்தது. ஊர் வழக்கப்படி மாமா பெண் வீட்டுக்குப் போய்விட்டார். எங்கள் வீட்டில் அந்த மேசை மட்டும் மிஞ்சியது. கொப்பியைப் பற்றி அவர் என்னிடம் கடைசிவரை ஒரு சொல் கேட்டதில்லை. மௌத்தாகி இப்போது ஆறு வருடம்.

போன நோன்புப் பெருநாளுக்கு சாய்ந்தமருதில் மகள் வீட்டில் இருக்கும் மாமியைப் பார்க்கப் போனேன். எழுபது தாண்டிவிட்டா, காது நன்றாகக் கேட்கும், முழங்கால்தான் சரியில்லை. எத்தனையோ வருடமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

“மாமி, மாமா பன்னுக்குள்ள நிண்டு ஒங்களப் பாத்தது ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாமலா? காலைச் சூரியன் நேரா அந்தக் கண்ணாடியில படும். பன்னுக்குள்ள பளிச் பளிச்செண்டு மின்னும். ஒரு பக்கம் மட்டும் மின்னும், மற்றப் பக்கம் மின்னாது.”

“ஒங்கட வாப்பாக்கிட்டச் செல்லல்லியா?”

மாமி என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தா.

“இஞ்ச பாரு. அந்த அணைக்கட்டால நாங்க பதினாறு பேர் போவம். எல்லாருக்கும் வெள்ள முக்காடு. அவ்வளவு தூரத்தில நிண்டு பாத்தா எல்லாம் ஒண்டுபோலத்தான் தெரியும். அந்த மனிசன் வேற ஒருத்தியப் பாத்துப்போட்டு அதுதான் நான் எண்டு நினைச்சிட்டா என்ன செய்ற? அதுக்குத்தான் வாப்பாட அலுமாரிக்குள்ள கிடந்த நீலக் குடைய எடுத்தன். மழையும் இல்ல, வெயிலும் ஏறல்ல. கூட வந்தவளுகள் எல்லாம் சிரிச்சாளுகள். சிரிக்கட்டும் எண்டு நான் விரிச்சுப் பிடிச்சிட்டுப் போனன்.”